மூன்றாவது குழியின் மண்

கேஸ் அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில், பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, வெயிலில் நடந்து வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தவள் நான். அடுப்பு அணைந்துதான் இருந்தது. எப்போதும் அணைந்துதான் இருக்கும். ஆனாலும் அடுத்த முறையும் சந்தேகம் வரும். என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஷிப்ட் பார்க்கிறார். வீட்டுக்கு வேண்டிய கவலை முழுவதையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற மனுஷன்.

இந்தக் குணத்துக்கு ஏற்ற தொழில்தான் எனக்கு வாய்த்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு போகிற ரோட்டோரம் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். கன்றுக்கு எந்நேரமும் ஏதாவது வரும். வேர் அழுகும், ஆடு கடிக்கும், கரையான் ஏறும். காலையில் நிமிர்ந்து நின்றது சாயங்காலம் தலை தொங்கிவிடும். கவலைப்படுகிறவள் கண் பட்டால்தான் அது பிழைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில், கான்சாபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து ஓடைக்கரையில் மரம் நட வெளிநாட்டிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். சாம்பல் நிற மலை அணில் தரையில் இறங்காது. கிளைக்குக் கிளை தாவித்தான் போகும். ஓடையோரம் அந்த மரவரிசை நடுவில் அறுந்து கிடந்தது. அதை மறுபடி சேர்க்க வேண்டும் என்பது திட்டம். ஊர் விவசாயிகள் இடத்தைக் காட்டினார்கள். கன்று கொடுப்பதும், பிறகு பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. வந்தவர்கள் சொந்தக் காசில் விமானம் ஏறி வந்து, குழி வெட்டி, மண் சுமந்து, முதுகுத் தோல் உரிந்து மூன்று வாரத்தில் திரும்பிப் போனார்கள். கூலி இல்லாமல் வேலை பார்க்க இம்புட்டுத் தூரம் வருவார்களா என்று கான்சாபுரத்துப் பெண்கள் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்கள். 

அவர்களில் ஒருவர் அறுபது வயது தாண்டிய அம்மா, நெதர்லாந்துக்காரர். உயரமான உடம்பு, அதிகம் பேசமாட்டார். பெரிய பாறையிலிருந்து மூன்றாவது குழியைத் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் வைத்தது நீர்மருது. நட்டபோது மற்றவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். வெயில் தாங்கவில்லை போலும் என்று நான் மோர் எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக் குடித்தார். கண் சிவந்திருந்தது. அதையும் வெயில் கணக்கில் எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

கிளம்பும்போது ஒரே ஒரு உதவி கேட்டார். மாதம் ஒருமுறை அந்த மருதை மட்டும் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று. அது என்ன பெரிய காரியம், அனுப்புகிறேன் என்றேன்.

பங்குனியில் அந்தக் கன்று செத்துப்போனது. கரையான். என்னோடு பண்ணையில் வேலை பார்க்கும் அக்கா சும்மா தொட்டார், கையோடு வந்துவிட்டது. அந்த வரிசையில் அது மட்டும் அல்ல, நாற்பது கன்றுக்கு மேல் அந்தக் கோடையில் போயின. எங்கள் தொழிலில் இது புதிதல்ல. நட்டதில் கொஞ்சம் சாகும் என்று தெரிந்துதான், அதே விதையில், அதே நாளில் முளைத்த கன்றுகளைக் கொஞ்சம் பண்ணையில் தனியாக வைத்திருப்போம். செத்த இடத்தில் அதைக் கொண்டுபோய் வைப்போம். பாடு நிரப்புவது என்று அதற்குப் பெயர். நிரப்பிவிட்டால் கணக்குத் தீர்ந்தது. எது முதலில் வைத்தது, எது பிறகு வைத்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள், நாங்களும் சொல்லமாட்டோம். கன்று செத்துவிட்டது என்று வாங்கினவரிடம் வாயால் சொல்வதே எங்களுக்குள் ஆகாத காரியம். நானும் அதை ஏமாற்று என்று நினைத்ததில்லை. அதுதான் ஒழுங்கான வேலை என்று நினைத்திருந்தேன்.

ஆனால் அந்த மாதத்துப் போட்டோவுக்கு நாள் வந்துவிட்டது. பாடு நிரப்ப மழை வேண்டும். நான் பக்கத்து இரண்டாவது குழியில் பிழைத்து நின்ற மருதைப் படம் எடுத்து, நன்றாக வளர்கிறது என்று இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். அடுத்த மாதமும் அதையே செய்தேன். வைகாசியில் ஒரு கோடை மழை பெய்ததும், அக்காவும் நானும் எல்லாக் குழியையும் தோண்டிப் பழைய மண்ணை அள்ளிவிட்டு, புது மண்ணும் எருவும் போட்டு மாற்றுக் கன்று வைத்தோம். அதன் பிறகு மூன்றாவது குழியைத்தான் படம் எடுத்தேன். மனசு லேசானது.

அள்ளிய மண்ணை என்ன செய்தோம் என்பதையும் சொல்லவேண்டும். ஓடைக்கரை வண்டல் மண் நாற்றுப்பைக்கு அருமையானது. அதைக் கொட்டிவிட்டு வருகிற நாற்றுக்காரி இந்தப் பக்கம் கிடையாது. லோடு ஆட்டோவில் ஏற்றிப் பண்ணைக்குக் கொண்டுவந்து, தார்ப்பாயில் பரப்பி வெயிலில் போட்டு, சலித்து, தொழுவுரம் கலந்து அந்த ஆனியில் துளசிப் பைகளை நிரப்பினோம். புரட்டாசி சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் மலைக்குக் கூட்டம் நெரியும். அடிவாரத்தில் நாங்கள் கடை போடுவோம். மலையிறங்கி வருகிறவர்கள் வீட்டுக்கு ஒரு துளசி வாங்கிப்போவார்கள். அந்த வருஷம் ஒரு பை மிஞ்சவில்லை.

இப்போது அந்தச் செய்திக்கு வருகிறேன். போன மார்கழி கடைசியில் ஒரு காலை, புங்கை விதையை ஊறப் போட்டுக்கொண்டிருந்தேன். போனில் அந்த அம்மாவிடமிருந்து நீளமாக ஒன்று வந்திருந்தது. தை மாதம் வருகிறாராம், இந்த முறை தனியாக. உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு என்று எழுதியிருந்தார். தன் கணவரை எரித்த சாம்பலில் ஒரு பங்கைத் துணிப்பையில் கொண்டுவந்து, அந்த மூன்றாவது குழியின் மண்ணில் கலந்துதான் மரத்தை நட்டாராம். சொன்னால் அனுமதிக்கமாட்டார்கள் என்று பயந்தாராம். மாதா மாதம் நீங்கள் அனுப்பும் படத்தில் நான் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இனி நேரில் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்று முடித்திருந்தார்.

நான் இரண்டு முறை படித்தேன். பிறகு விதை ஊறிய வாளியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதல் பயம் துளசி. ஓர் ஊரில் பாதி வீட்டு முற்றத்தில், விடிந்ததும் குளித்துவிட்டுச் சுற்றி வருகிற செடியின் காலடியில் நான் யாரோ ஒருவருடைய அஸ்தியைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எங்களில் சுடுகாட்டுக்குப் போய்வந்தாலே வாசலில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் உள்ளே வரமாட்டார்கள். இது வெளியே தெரிந்தால் என் பண்ணையில் அப்புறம் யார் கால் வைப்பார்கள்? இரண்டாவது பயம் கான்சாபுரத்துக்காரர்கள். ஓடைத் தண்ணீரில்தான் அவர்களுக்கு விவசாயம். மூன்றாவது பயம்தான் பெரியது, அதனால்தான் அதைக் கடைசிக்குத் தள்ளிப் பார்த்தேன். கடல் கடந்து வந்து ஒரு பெண் தன் புருஷனைத் தேடி உட்காரப்போகிற இடத்தில் அவர் இல்லை. அங்கே நிற்பது என் பண்ணையின் மாற்றுக் கன்று.

அக்காவிடம் சொன்னேன். கேட்ட மாத்திரத்தில் கையிலிருந்த பூவாளியை வைத்துவிட்டு எங்கோ போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் தலையில் ஈரம் சொட்ட வந்தார். "குழியத் தோண்டுனது நானுல்லா" என்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் சாப்பாட்டிலிருந்து தலையே தூக்கவில்லை. ஒரு பிடி சாம்பல், நாற்பது குழி மண்ணு, அது எந்தப் பையில போச்சுன்னு யாருக்குத் தெரியும் என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. எந்தப் பை என்று தெரியாததால்தானே எல்லாப் பையும் என்று ஆகிறது. இதைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏட்டி, மரம் நிக்குல்லா? அவிய வருவாக, பாப்பாக, அழுவாக, போயிருவாக. நீ வாயத் தொறக்காம இரு. அதுதான் அவியளுக்கும் நல்லது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாவது நாள் தாங்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத் தெருவுக்குப் பஸ் ஏறினேன். அங்கே பாத்திரக்கடைக்காரர் வீட்டு மதினி ஒருவர் இருக்கிறார். அந்தப் புரட்டாசியில் என் கையால் துளசி வாங்கியவர்களில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பவர் அவர்தான். துளசிக்கு ஒரு மாதிரி இலைப்பேன் பரவுகிறது, பையைக் கொடுங்கள், மருந்தடித்து வேறு செடி தருகிறேன் என்று வழியெல்லாம் பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

மாடத்தில் அந்தத் துளசி என் இடுப்பு உயரம் நின்றது. அப்படி ஒரு செழிப்பை நான் பண்ணையிலேயே பார்த்ததில்லை. இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதுபோல் நடித்தேன். இலைப்பேனும் இல்லை, ஒரு புள்ளியும் இல்லை. மதினி பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இதுக்கு முன்னால வச்ச நாலு செடியும் பட்டுப்போச்சு, இது ஒண்ணுதான் எங்கிட்ட நின்னுச்சு என்றார். காபி கொடுத்தார். குடித்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

அந்த அம்மா வந்தது தை நடுவில். கொஞ்சம் மெலிந்திருந்தார், நடையில் ஒரு தயக்கம். ராஜபாளையத்தில் ரூம் எடுத்துத் தங்கினார். மறுநாள் காலை கார் வைத்துக் கான்சாபுரம் போனோம். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். வாய் திறக்கக்கூடாது என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

பாறையைப் பார்த்ததும் என்னை முந்திக்கொண்டு நடந்தார். மருது இரண்டு ஆள் உயரம் வளர்ந்திருந்தது. பட்டையில் உள்ளங்கையை வைத்தார். அவர் பாஷையில் என்னவோ பேசினார். கோபித்துக்கொள்வது மாதிரியும் இருந்தது, கொஞ்சுவது மாதிரியும் இருந்தது. பிறகு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கண்ணை மூடினார். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. வீட்டுக்காரர் சொன்னது சரிதான் என்று அப்போது நினைத்தேன். இந்த முகத்தைக் கலைக்க நான் யார்.

செத்த நேரம் கழித்துத் தோள்பையைத் திறந்தார். உள்ளிருந்து சின்னக் களைக்கொத்து ஒன்றும், மூடி போட்ட தகர டப்பா ஒன்றும் எடுத்தார். என்ன என்று கேட்டேன். சாதாரணமாகச் சொன்னார். தனக்கு உடம்பு சரியில்லை, மருத்துவர்கள் அதிக நாள் சொல்லவில்லை. இந்த வேரடி மண்ணில் ஒரு டப்பா கொண்டுபோய் மகளிடம் கொடுக்கப்போகிறார். தன்னை எரித்த பிறகு அந்தச் சாம்பலோடு இதைச் சேர்த்துவிட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். சொல்லிவிட்டு மண்டி போட்டுக் கொத்த ஆரம்பித்தார்.

இரண்டு கொத்துதான் கொத்தியிருப்பார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"அவர் இங்கே இல்லை" என்றேன்.

என் இங்கிலீஷ் காலேஜில் தாவரவியல் படித்த இங்கிலீஷ். அதில் இதற்கெல்லாம் வார்த்தை கிடையாது. தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். கரையான், இரண்டு மாதம் அனுப்பிய வேறு மரத்தின் படம், பாடு நிரப்பியது, மண்ணை அள்ளியது, சலித்தது, துளசிப் பை, புரட்டாசிக் கூட்டம். சொல்லும்போது என் கையும் அவர் கையும் களைக்கொத்தின் மேலேயே இருந்தன. முடித்ததும் அவர் கையை உருவிக்கொண்டார்.

கோபப்பட்டார். கோபப்படமாட்டார் என்று நான் ஏன் நினைத்தேனோ தெரியவில்லை. எழுந்து ஓடைப்பக்கம் போய் நின்றார். திரும்பி வந்தார். மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"செத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாமே. அதைக் கேட்டுத் தாங்கிக்கொள்ள எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் சொல்லத் தெரியவில்லை."

கன்று சாவதை எங்கள் ஊரில் சொல்லமாட்டோம் என்றா சொல்வது? மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் வாங்கிக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. காலி டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார். காரில் ஏறிய பிறகு, அந்தத் துளசி ஏதாவது இருக்கிறதா, ஒன்றையாவது பார்க்க முடியுமா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

காரை மடவார் வளாகத்துக்கு விடச் சொன்னேன். இந்த அம்மாவிடம் சொல்லியாயிற்று. மதினியிடம் சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரர், நம்ம ஊர்த் துளசி பார்க்க ஆசைப்படுகிறார் என்று சொல்லிக் கூட்டிப்போய்விட்டு, சத்தம் இல்லாமல் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஓடைக்கரையில் மன்னிப்புக் கேட்ட வாய் காயும் முன் அடுத்த பொய்க்குத் தயாராகிவிட்டேன். என் புத்தியை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் தயாராகத்தான் இருந்தேன்.

மதினிக்கு ஒரே சந்தோஷம். முற்றத்துக்கு அழைத்துப்போய் மாடத்தைக் காட்டினார். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கிட்டே போகாமல் நின்றார். மதினி ஒருமுறை சுற்றிக் காட்டினார். அவரும் பின்னாலேயே சுற்றினார். மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. மதினி அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு உருகிப்போனார். உள்ளே போய்க் குங்குமத் தட்டோடு வந்தார். நெற்றியில் வைக்கப் போன விரல் பாதியில் நின்றது. என்னைப் பார்த்துத் திரும்பி, தணிந்த குரலில் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"அவியளுக்கு வீட்டுக்காரர் இருக்காரா?"

இருக்கிறார் என்று ஒரு தலையாட்டல் போதும். குங்குமத்தை வைத்துக்கொண்டு போய்விடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. தலை ஆடத் தயாராகத்தான் இருந்தது.

"இல்ல மதினி. செத்துப்போயிட்டாரு" என்றேன். ஒன்று வெளியே வந்ததும் மற்றதும் நிற்கவில்லை. "அவரு சாம்பல் கலந்த மண்ணுதான் ஒங்க துளசிக்குப் போட்டிருக்கேன். எனக்கே இப்பத்தான் தெரியும். போன தடவ அதுக்குத்தான் வந்தேன், சொல்லப் பயந்து போயிட்டேன்."

மதினி தட்டோடு இரண்டு அடி பின்னால் போனார். துளசியைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை. ரெண்டு வருசமாச் சுத்தி வாரேனே என்றார், யாரிடம் என்று இல்லாமல். பிறகு உள்ளே போய்விட்டார். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. வெளியே தள்ளிக் கதவைச் சாத்தப்போகிறார், சாயங்காலத்துக்குள் தேரடி வரைக்கும் பேச்சாகிவிடும், பண்ணையை மூட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அந்த அம்மாவுக்கு எங்கள் பேச்சில் ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் எதைச் சொன்னேன் என்பது மட்டும் புரிந்திருந்தது. என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

மதினி ஒரு செம்போடு வந்தார். மஞ்சள் கரைத்த தண்ணீர். எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போய் மாடத்தைச் சுற்றி ஊற்றினார், செடியின் தலையில் தெளித்தார், கடைசியாகக் கொஞ்சத்தைத் தன் தலையிலும் தெளித்துக்கொண்டார். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்னும் கோபம் ஆறாத முகத்தோடு என்னிடம் வந்தார்.

"தெனமும் சுத்தப்போறது நானு. யாருன்னு தெரியாமச் சுத்த முடியாது. அந்த மனுசன் பேரு என்ன?"

நான் வாயைத் திறந்தேன். மூன்று வருஷம் மாதா மாதம் அந்த அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன். மார்கழியிலிருந்து அந்த மனிதரை நினைத்து ஒரு வேளைகூடச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. அவர் எந்தப் பையில் போனார், யார் வீட்டுக்குப் போனார், யாருக்குத் தெரியும், என் கதி என்ன என்றெல்லாம் எண்ணி எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவர் பெயர் என்ன என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை.

அந்த அம்மா பக்கம் திரும்பி, அப்போதுதான் கேட்டேன். அவர் சொன்னார். மதினி சொல்லிப் பார்த்தார், நாக்கு புரளவில்லை. அந்த அம்மா இன்னொரு முறை மெதுவாகச் சொன்னார். மதினி மறுபடி முயன்றார், பிறகு நானும்.